வந்து சேராத சத்தம்

அய்யாதுரை முதலாளியின் பட்டாசுக் கம்பெனி வெடித்த அன்று சத்தம் வரவில்லை. தீ வந்தது, புகை வந்தது, கடைசி அறையின் கூரை பக்கத்துச் சோளக்காட்டில் போய் விழுந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. ஏழாயிரம்பண்ணையிலிருந்து தெற்கே, பஸ் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்த கம்பெனி அது. தள்ளி வேறு காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் புகையைப் பார்த்தார்கள், கழிவு மருந்தைக் கொட்டி எரிக்கிறார்கள் என்று நினைத்து மறுபடி குனிந்துகொண்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. இந்தப் பக்கத்தில் விபத்தை முதலில் அறிவது காதுதான். ஜன்னல் அதிரும், பானை உருளும், எந்தக் கம்பெனி எந்தக் கம்பெனி என்று கேட்டபடி பெண்கள் ரோட்டில் ஓடுவார்கள். அன்று யாரும் ஓடவில்லை. மற்ற அறைகளில் இருந்த ஆட்கள்கூடப் புகை கண்ணை எரித்த பிறகுதான் எழுந்து வெளியே வந்தார்கள். போர்மேன் ரத்தினசாமி அவர்களைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டான். தீயணைப்பு வண்டி வந்து சேருவதற்குள் அவனுக்கு வேண்டிய அளவு நேரம் கிடைத்தது. என்ன செய்வதற்கு என்பதை அப்போது யாரும் கேட்கவில்லை.

அந்த அறைக்கு அனுமதி நாலு பேர். நாலு பேர் செத்தார்கள் என்று கம்பெனி சொன்னது. எரிந்த அறையில் கிடைத்ததை நாலாகப் பிரித்து நாலு வீட்டுக்கும் கொடுத்தார்கள். ஆனால் அன்றைக்கு வேலைக்குப் போனவர்களில் ஐந்து பேர் வீடு திரும்பவில்லை. ஐந்தாவது ஆள் இருளம்மாளின் மகள் பொன்மணி. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளை, அதனால் எந்த அறையில் உட்கார்ந்தாள் என்று உறுதியாகச் சொல்ல ஆள் இல்லை. அதிலும் அன்று காலையில் ஆபீசர் சோதனைக்கு வருகிறார் என்று தகவல் வந்து, கணக்குக்கு மேலே இருந்தவர்களை எல்லாம் திசைக்கு ஒருவராக விரட்டிவிட்டிருந்தார்கள். சிலர் கருவேலங்காட்டில் ஒளிந்தார்கள், சிலர் பின்வழியே வீட்டுக்கு நடந்தார்கள். பொன்மணியும் பின்வழியாகப் போனாள், லோடு ஏற்ற வந்த லாரிக்காரனோடு திருப்பூருக்குப் போய்விட்டாள் என்றான் ரத்தினசாமி. சொன்னதுதான் தாமதம், சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் மஞ்சள் தாவணியில் அவளைப் பார்த்ததாக இரண்டு பேர் வந்தார்கள். இந்த மாதிரி விஷயத்தில் பார்த்த ஆளுக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை.

வெடித்த சத்தம் வரவில்லை என்றால் இனிமேல்தான் வரப்போகிறது என்று ஜனங்கள் முடிவுகட்டினார்கள். அவ்வளவு மருந்து எரிந்ததற்கு உண்டான சத்தம் எங்கேயோ நிற்கிறது, ஒருநாள் வந்து சேரும். முதல் மாதம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு திரிந்தார்கள். பிறகு அடுக்குப்பானைகளை இறக்கித் தரையில் வைத்தார்கள். சாமி படங்களை ஆணியிலிருந்து எடுத்துச் சுவரோரம் சாய்த்தார்கள். மாசமாக இருந்த பெண்களை மல்லாங்கிணறு, மதுரை என்று சொந்தக்காரர்கள் இருக்கும் ஊர்களுக்கு அனுப்பினார்கள். லாரி டயர் வெடித்தால், ஆலங்குளம் சுண்ணாம்புக்கல் குவாரியில் வெடி வைத்தால், சோற்றுக் கை வாய்க்குப் போகாமல் பாதியில் நிற்கும். "அதுவா?" என்று ஒருவர் கேட்பார். "இது சின்னது" என்று இன்னொருவர் சொல்லுவார். மறுபடி சாப்பிடுவார்கள். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. மதுரையிலிருந்து ஒருவர் சத்தம் அளக்கும் மெஷினோடு வந்து கம்பெனிக்குள் நாலு மூலையிலும் வைத்துப் பார்த்துவிட்டு, சத்தம் என்பது நிற்காது, காத்திருக்காது, அதற்குக் காலா இருக்கிறது என்றார். "கால் இல்லாமத்தான் அம்புட்டுத் தூரம் வருதாக்கும்?" என்று இருளம்மாள் கேட்டாள். அவர் மெஷினை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஊரில் எல்லாரும் சத்தம் வந்துவிடுமே என்று பயந்தார்கள். இருளம்மாளுக்குப் பயம் இரண்டு பக்கமும் இருந்தது. சத்தம் வந்தால் அதற்குள் பொன்மணியின் குரல் இருக்கும், அல்லது இருக்காது. இருந்தால், மகள் யாரோடும் ஓடவில்லை, இங்கேயேதான் செத்தாள். இல்லாவிட்டால், ஓடிப்போனவள் என்ற பேரோடு திருப்பூரில் எங்கேயோ உயிரோடு இருக்கிறாள். எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் கோயில் வாசலில் கும்பிட்ட கையோடு வெறுமனே நிற்பாள். மூத்தவன் முத்துப்பாண்டி ஒவ்வொரு தீபாவளி லீவுக்கும் திருப்பூர் போய், பனியன் கம்பெனி வாசல்களில் நின்று பார்த்துவிட்டு வருவான். போகும்போது தங்கச்சிக்கு ஒரு சேலை எடுத்துப் போவான். வரும்போது அதே சேலையைக் கொண்டுவருவான். இப்படியே எட்டு வருசம்.

கம்பெனியைப் பூட்டிச் சீல் வைத்ததோடு அய்யாதுரை சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கப் போய்விட்டார். ரத்தினசாமியையும் கூடவே வைத்துக்கொண்டார். இடத்தை விற்கப் பார்த்தார், முடியவில்லை. சூரிய வெளிச்சத்தில் கரண்ட் எடுக்கும் கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்தார்கள், கண்ணாடிப் பலகை அம்புட்டும் உடைஞ்சுபோகுமே என்று டீக்கடையில் யாரோ சொன்னதைக் கேட்டுத் திரும்பிப் போனார்கள். வராத சத்தம் ஒன்று நிலுவையில் கிடக்கும் நிலத்தை யார் வாங்குவார்கள்? அந்தச் சமயத்தில்தான் அவருடைய பேத்தி கீர்த்திகா டெல்லியில் நாடகப் படிப்பு முடித்துவிட்டு வந்தாள். இடிந்து கிடக்கும் கம்பெனியில், திறந்தவெளியில், பழைய காலத்துச் சோக நாடகம் ஒன்று போட வேண்டும் என்றாள். நடிக்கிறவர்கள் உள்ளூர்க்காரர்களாகத்தான் இருக்க வேண்டுமாம். பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்படி ஏதாவது தோன்றும். அய்யாதுரை மறுக்கவில்லை. ஆயிரம் பேர் போய் அங்கே உட்கார்ந்து எழுந்து வந்துவிட்டால் சத்தமாவது ஒன்றாவது என்று ஆகிவிடும், நிலம் கைமாறிவிடும் என்பது அவர் எண்ணம். பேத்திக்கு அது தெரியாது. விபத்து, நாலு பேர், அவ்வளவுதான் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தது.

கதை இதுதான். ஒரு ராஜாவின் களஞ்சியத்துக்குள் எதிரி ஒற்றர்கள் ஒளிந்திருப்பதாகச் சேதி வருகிறது. கதவை வெளியே தாழிட்டுத் தீ வைக்கச் சொல்கிறான் ராஜா. காவல்காரன் தாழிடுகிறான். உள்ளே இருந்தது ராஜாவின் மகள். எரிந்த பிறகு தெரிகிறது. ராஜாவாக ஆட்டு வியாபாரி வெள்ளைத்துரை; சந்தையில் கத்திப் பழகிய தொண்டை. மகளாகத் தையல் கடை இசைவாணி. களஞ்சியக் கதவுக்குக் கீர்த்திகா தேடி அலையவில்லை. வெடித்த அறையில் சுவர் நாலும் போய், தெற்குக் கதவும் அதன் நிலையும் மட்டும், தாழ்ப்பாள் உட்பட, எட்டு வருசமாக ஒருக்களித்துத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தன. முன்னாலும் வெளி, பின்னாலும் வெளி. இதைவிட நல்ல கதவு மதுரையில் வாடகைக்குக்கூடக் கிடைக்காது என்று அந்தப் பிள்ளை சந்தோஷப்பட்டது.

ஒத்திகையில்தான் சிக்கல் வந்தது. மருந்து வேலை பார்த்தவர்கள் எல்லாரும் மேடைக்கு வரும்போதே செருப்பைக் கழற்றினார்கள். வாசலில் பதித்திருந்த செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கும் கரண்டை இறக்கிவிட்டுத்தான் களஞ்சியத்துக்குள் போனார்கள். ராஜாவே குனிந்து தொட்டார். அது அழகாக இருக்கிறது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள் கீர்த்திகா. ஆனால் காவல்காரன் வேஷத்துக்கு வந்த ஒருவனாலும் கதவைச் சாத்த முடியவில்லை. மருந்து அறைக்குள் ஆள் இருக்கும்போது கதவு திறந்தே இருக்க வேண்டும், மணல் மூட்டையை முட்டுக்கொடுத்து வைத்திருப்பார்கள். வேலை முடிந்து பூட்டும்போதுகூட "உள்ள ஆள் இருக்கா?" என்று மூன்று தரம் கூப்பிட்டு, உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் கதவில் கை வைப்பார்கள். அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. இந்த ஊர்களில் ராத்திரி கதவு சாத்துவதில்லை. நாய் வந்து கஞ்சியைக் குடித்துவிட்டுப் போகும். கல்யாணமான அன்றைக்கும் ஒருக்களித்து வைப்பதுதான். அப்படிப்பட்டவர்களிடம் போய், உள்ளே ஒரு பெண் நிற்கிறாள், நீ வெளியே தாழ் போடு என்றால் கை எப்படி வரும்? முதலாமவன் வியர்த்து ஊற்றி இறங்கிவிட்டான். அடுத்தவன் சாத்தப் போய் இசைவாணியை வெளியே இழுத்துவிட்டான். கடைசியாக முத்துப்பாண்டியை நிறுத்தினார்கள். "சும்மா நடிப்புத்தானே அண்ணே?" என்றாள் கீர்த்திகா. "நடிப்புன்னு எனக்குத் தெரியுது பாப்பா, கைக்குத் தெரியமாட்டேங்குதே" என்றான் அவன். சரி, கதவுப் பக்கத்தில் சும்மா நில்லுங்கள், சாத்தினதாக ஜனங்கள் நினைத்துக்கொள்வார்கள் என்று அவள் விட்டுவிட்டாள்.

நாடகம் சாயங்கால வெயிலில் நடந்தது. கம்பெனி இடத்துக்குள் வயர் இழுத்து லைட் போட யாரும் சம்மதிக்கவில்லை. பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் வழி பார்த்து, எழுந்தால் ஓடலாம் என்கிற மாதிரி ஒரு முழங்காலை மடக்காமல் உட்கார்ந்தார்கள். ஆயிரம் பேர் இருந்த இடத்தில் இருமல்கூடக் கையை வைத்துப் பொத்தித்தான் கேட்டது. முன்வரிசை நாற்காலியில் அய்யாதுரை, அவருக்கு அந்தப் பக்கம் கரண்ட் கம்பெனிக்காரர்கள், இந்தப் பக்கம் ரத்தினசாமி. இருளம்மாள் பெண்கள் கூட்டத்தில், கதவுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். வெள்ளைத்துரை ஆணை போட்டார். இசைவாணி தகட்டைத் தொட்டு உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றாள். முத்துப்பாண்டி கதவுப் பக்கத்தில் நின்றான், நின்றுகொண்டே இருந்தான். ராஜா இரண்டாவது தரம் ஆணை போட்டார். கரண்ட் கம்பெனிக்காரர் ஒருவர் சிரித்தார். அய்யாதுரைக்கு முகம் சிவந்துவிட்டது. "கதவு சாத்துறதுக்குக்கூட வக்கில்லாத பயலுகளை வச்சு நாடகமாம்! ரத்தினம், போய்யா, போய்ச் சாத்திட்டு வாய்யா" என்றார்.

முதலாளி சொன்னால் ரத்தினசாமிக்குத் தலையை யோசிக்கவிட்டுப் பழக்கமில்லை. எழுந்தான். செருப்புக் காலோடு போனான். தகட்டைத் தொடவில்லை. உள்ளே ஆள் இருக்கா என்று கூப்பிடவுமில்லை. இடது கால் பெருவிரலால் கதவின் அடியைத் தூக்கிக் கொடுத்து, தோளால் ஒரு தள்ளு தள்ளித் தாழைப் போட்டு, உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினான். பிறகு கதவு இடுக்கில் வாயை வைத்து, "சத்தம் காட்டாம இருங்கத்தா. ஆபீசர் போனதும் தொறந்துவிடுறேன்" என்றான்.

கூட்டம் சிரித்துவிட்டது. ராஜா கதையில் ஆபீசர் எங்கே வந்தார்? "யோவ், ஆபீசர் எந்த நாட்டுக்காரருய்யா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். அந்தச் சிரிப்பு முன்வரிசையில் முதலில் நின்றது. பிறகு நடுவில் நின்றது. பிறகு எங்கேயும் இல்லை. கதவுக்கு முன்னால் ரத்தினசாமி தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு நின்றான். கையும் வாயும் அவனைக் கேட்காமல் பழைய வேலையைச் செய்துவிட்டிருந்தன. இசைவாணி கதவைச் சுற்றி ஓடிவந்து முத்துப்பாண்டிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டாள். பெண்கள் கூட்டத்திலிருந்து இருளம்மாள் எழுந்தாள்.

"ரத்தினம், உள்ள எத்தனை பேருய்யா?" என்றாள்.

அவன் அய்யாதுரையைப் பார்த்தான். அய்யாதுரை தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அஞ்சு" என்றான் ரத்தினசாமி. "பூட்டின அறைன்னா ஆபீசர் பாக்கமாட்டாரு. செத்த நேரந்தான் மதினி. போனதும் தொறக்கலாம்னுதான்…"

ஆக, விஷயம் எல்லாருக்கும் அங்கேயே விளங்கிவிட்டது, தீயணைப்பு வண்டி வருவதற்குள் அவன் தாழை நீக்கிவைத்தது உட்பட. சத்தம் காட்டாமல் இரு என்று சொல்லித் தாழ் போட்டிருக்கிறான், அறை அதன்படியே இருந்துவிட்டது. ஆபீசர் போய்விட்டார் என்று யாரும் அதற்கு வந்து சொல்லவில்லை. வெடித்தபோதுகூட அது வாயைத் திறக்கவில்லை.

இருளம்மாள் மேடை ஏறினாள். செருப்பில்லாத கால்தான், இருந்தாலும் தகட்டைத் தொட்டாள். தாழ்ப்பாளில் கையை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் நிற்பது ஏன் என்று ஊருக்கே தெரியும். அஞ்சு என்று ரத்தினசாமி சொன்னதைப் பொய் என்று வைத்துக்கொள்ள இன்னும் இடம் இருந்தது. இவ்வளவு நாளும் பொய் சொன்னவன்தானே. கதவைத் தொட்டபடி அவள் நிற்கும் வரைக்கும் பொன்மணி திருப்பூரில் பனியன் தைத்துக்கொண்டிருந்தாள்.

முத்துப்பாண்டி அம்மாவின் கையைப் பிடித்தான். "வேண்டாம் ஆத்தா. அவ திருப்பூர்லேயே இருந்துட்டுப் போகட்டும். நான் வருசா வருசம் போய்க்கிடுதேன்."

"எட்டு வருசமா வாய மூடிக்கிட்டு இருக்காளே அவ. வீட்டுல ஒரு நாழி சும்மா இருந்திருக்காளா? விடு" என்றாள். பிறகு கதவு இடுக்கில், ரத்தினசாமி வாயை வைத்த அதே இடத்தில் வாயை வைத்தாள். "ஆபீசர் போயிட்டாருத்தா. இனிமே பேசு."

தாழை இழுத்தாள்.

முதலில் வந்தது மூச்சு. அஞ்சு பேர் ஒரே நேரத்தில் விட்ட மூச்சு. அப்புறம் புழுக்கத்தில் முந்தானையால் விசிறும் சத்தம். ஒருத்தி, "போயிட்டானா பாருடி" என்றாள். இன்னொருத்தி உஸ் என்றாள். அப்புறம் சோற்றுத் தூக்கின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. ஆயிரம் பேர் காதிலும் பொன்மணியின் குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி விழுந்தது. "எங்காத்தா இன்னைக்கும் கத்திரிக்காதான் வச்சிருக்கு. யாராச்சும் மாத்திக்கிடுதீகளா?" நாலு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்திக்குச் சிரிப்பு அடங்கவில்லை, புரைக்கேறியது. அது தணிந்ததும் ஒருத்தி, "அங்கன பாருங்க, அந்த மூலையில என்னமோ புகையுது" என்றாள். கதவை யாரோ உள்ளிருந்து தள்ளினார்கள். மறுபடி தள்ளினார்கள்.

அதற்குப் பிறகு சத்தம் வந்தது. அது எப்படி இருந்தது என்று கேட்டால் இந்தப் பக்கத்து ஆட்கள் சொல்ல மாட்டார்கள், மற்றவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. சாத்தூர் வரைக்கும் ஓடு சரிந்தது. சிவகாசியில் அச்சு மெஷின்கள் தானாக நின்றன. பானைகள் தரையில் இருந்ததால் ஒன்றும் உடையவில்லை. எட்டு வருச முன்ஜாக்கிரதை வீண்போகவில்லை. கூட்டம் தள்ளுமுள்ளு இல்லாமல், பழகின மாதிரியே, கிழவர்களைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நாலு திசையிலும் ஓடிக் காட்டில் போய்க் குப்புறப் படுத்தது. ஒருவருக்கும் கீறல் இல்லை. வெள்ளைத்துரை கிரீடத்தோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடினார். கிரீடம் இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறது. இருளம்மாள் மட்டும் ஓடவில்லை. திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சத்தம் தன்னைக் கடந்து போகிற வரைக்கும் நின்றாள். நாடகத்தின் கடைசிக் காட்சியை நடத்தவில்லை. நடத்த வேண்டியதில்லை என்று கீர்த்திகாவே சொல்லிவிட்டாள். அன்றைக்கே இருளம்மாளோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், தாத்தாவின் பேரையும் சேர்த்துத்தான் எழுதிக் கொடுத்தாள். அந்த ஒரு காரியத்துக்காக அவளைப் பற்றி இங்கே யாரும் குறை பேசுவதில்லை.

நாலு வீட்டுக்காரர்களும் தாங்கள் புதைத்த இடத்திலிருந்து ஒவ்வொரு பிடி மண் எடுத்துக் கொண்டுவந்து இருளம்மாளிடம் கொடுத்தார்கள். அந்த மண்ணை, முத்துப்பாண்டி வருசா வருசம் சுமந்த சேலையில் முடிந்து புதைத்தாள். மஞ்சள் தாவணியைப் பார்த்த இரண்டு பேரும் அந்தப் பக்கம் வரவில்லை. அய்யாதுரை ஜாமீனில் இருக்கிறார். கேஸ் நடக்கிறது, அது நடக்கிற நடை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ரத்தினசாமியைக் கொண்டுபோய் அடைத்தபோது லாக்கப் கதவு சாத்த வரவில்லை. எண்ணெய் போட்டார்கள், கொல்லனைக் கூட்டி வந்தார்கள். அவன் உள்ளே இருந்தால் எந்தக் கதவும் சாத்தாது என்று தெரிந்த பிறகு ஒரு போலீஸ்காரரை நாற்காலி போட்டு வாசலில் உட்காரவைத்தார்கள். அவன் ஓடவில்லை. கோர்ட்டுக்குக் கூட்டிப்போகும் பஸ்ஸிலும் அப்படித்தான், கக்கூஸிலும் அப்படித்தான் என்கிறார்கள்.

நிலத்தைக் கரண்ட் கம்பெனி வாங்கிவிட்டது. கதவைப் பிடுங்கப் பார்த்தார்கள், வரவில்லை. அதைச் சுற்றிப் பலகைகளை நட்டுக்கொண்டார்கள். பானைகள் மறுபடி அடுக்கில் ஏறிவிட்டன. உச்சிவெயில் நேரத்தில் அந்தக் கதவுக்குப் பின்னால் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்கும். புதிதாக வந்த வாட்ச்மேன் சீனிவாசகம் ஆரம்பத்தில் பயந்து கேட்டுக்கு வெளியே போய் நின்றான். இப்போது அந்தச் சிரிப்பைக் கேட்டதும் மணி பார்க்காமல் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்காருகிறான். அந்நேரம் இருளம்மாள் தூக்குவாளியோடு வருவாள். ஒரு பங்கைக் கதவுப் பக்கத்தில் வைப்பாள், மிச்சத்தை அவனுக்குக் கொடுப்பாள். இன்னைக்கு என்ன காய் தாயீ என்று அவன் தினமும் கேட்பான். கத்திரிக்காய் இல்லை என்று மட்டும், கதவுப் பக்கம் பார்த்து, கொஞ்சம் சத்தமாகவே சொல்லுவாள்.